உத்திரத்தில் ஒரு விரல் களிமண்

மார்ச் 2

என் அளவுகோலுக்கு,

அப்பா எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் பதறாதே. கை நடுக்கம் இல்லை. காலையிலிருந்து கல்லைத் தட்டிய கை, பேனாவைக் கொடுத்தாலும் தட்டத்தான் பார்க்கிறது.

நீ தீவுக்குப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. அங்கே தொலைபேசி இல்லை, வாரம் ஒருமுறை படகில்தான் தபால் என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே லட்சணம்தான். இருக்கிற ஒரே தொலைபேசி மேலாளர் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. யார் பேசினாலும் அவர் பேப்பர் படிக்கிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஆகவே கடிதமே தேவலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், சிவப்பு மையில் திருப்பி அனுப்பாதே.

கற்கால முறையில் வீடு கட்டும் இந்த வேலைக்கு நீ போட்ட சட்டம், வேலிக்குள் இரும்பு நுழையக் கூடாது. பெட்டிக்காரர் அதை உன்னைவிடக் கறாராக நடத்துகிறார். சாவி, கடிகாரம், பெல்ட், ஊக்கு எல்லாவற்றையும் வாசல் பெட்டியில் போட்டு, நோட்டில் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் பெல்ட் பெட்டிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. கயிற்றைக் கட்டி மானத்தைக் காப்பாற்றி வருகிறேன். போன வாரம் என் கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்னார்.

"உள்ள கம்பி வச்சிருக்காமே?"

"ஆமா, கழட்டித் தரட்டுமா? சாப்பாட்டு நேரத்துக்குத் திருப்பிக் குடுப்பீங்கல்ல?"

அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்: 'ஒரு பல், உள்ளே போனது.'

முப்பத்தைந்து வருஷம் இரும்பு உளி பிடித்தவன், எத்தனையோ வீட்டுக்குக் கூரை ஏற்றியவன், இப்போது ஓடையில் கல் பொறுக்குகிறேன். இரண்டு கருங்கல்லைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கணீர் என்றால் எடுத்துக்கொள். பொத்தென்றால் உள்ளே விரிசல், ஓடையிலேயே போடு. முதல் கோடாரிக்கு மூன்று நாள் கொத்தினேன். மணற்கல்லில் தண்ணீரும் மணலும் விட்டு ஆறு நாள் தேய்த்தேன். முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம், அப்படி ஒரு பளபளப்பு. அது ஆறாவது வெட்டில் இரண்டாகப் போயிற்று. வெட்டியதும் மணிக்கட்டைத் திருகுவது இரும்புப் பழக்கம், கல்லுக்கு அது ஆகாது. தெறித்த சில்லு புருவத்தில் பட்டது. இரண்டு தையல்தான். முன்னைவிட லட்சணமாகிவிட்டதாகக் கயிற்றுக்காரி சொல்கிறாள். மரப்பட்டையில் கயிறு திரித்து மூட்டெல்லாம் கட்டுகிறவள் அவள். வாயும் கயிறு மாதிரி, பிடித்தால் விடாது.

தூண் இரண்டும் நட்டாயிற்று. இனி உத்திரம்தான் பெரிய வேலை. கூரையின் மொத்தப் பாரத்தையும் தோளில் தாங்கப்போவது அதுதானே. இரண்டு முனையிலும் அடிப்பக்கம் பள்ளம் தோண்டினால்தான் தூண்மேல் உட்காரும். இடது பள்ளம் முடிந்தது. பத்தொன்பது நாள்! கல் மரத்தை வெட்டுவதில்லை, கெஞ்சிக் கேட்டு வாங்குகிறது. பள்ளம் கிண்ணம் மாதிரி உருண்டையாக, பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் தூண் அளவில் ஒரு துண்டுக் கட்டையை வைத்துப் பார்த்தபோது அது போய் உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டுமே, தொட்டிலில் குழந்தை!

வலது பக்கம் பாக்கி.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா


மார்ச் 14

அன்புள்ள அப்பா,

பல் உள்ளே போனதைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டார். தையல் உண்மையிலேயே இரண்டுதானா?

பத்தொன்பது நாள் என்றதும் இங்கே எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நாளுக்கு எத்தனை வெட்டு என்று எண்ணி எழுதுகிறீர்கள் அல்லவா? அறிக்கைக்கு அது உயிர். முதல் வரியை எழுதிவிட்டேன்: 'இந்த வீட்டின் எந்த மரத்திலும் இரும்பு படவில்லை.' சொந்த அப்பாவை வேலைக்கு வைப்பதா என்று மூன்று பேர் முகம் சுளித்தார்களே, அவர்கள் இப்போது வாய் திறப்பதில்லை.

மே பதினாலு திறப்பு. அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பது பேர் உள்ளே வந்து உட்காரப்போகிறார்கள். அடுத்த ஏழு நாளும் நான் அதற்குள்ளேயே தங்கி, மழையில் எங்கே ஒழுகுகிறது, புகை எப்படிப் போகிறது என்று அளக்க வேண்டும்.

அப்பா, ஒன்று சொல்லட்டுமா, கோபிக்காதீர்கள். நல்லதை எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள். கெட்டதை உடனே எழுதிவிடுங்கள். பதினொரு வயதில் என்னை விடுதியில் விட்டுவிட்டு, 'அம்மாவுக்கு வெறும் காய்ச்சல்தான், நீ நன்றாகப் படி' என்று மூன்று வாரம் எழுதினீர்கள். நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினீர்கள் என்று இப்போது புரிகிறது. ஆனால் அந்த மூன்று கடிதமும் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. நாலாவது எனக்கு வேண்டாம்.

உங்கள்
அளவுகோல்


மார்ச் 29

என் அளவுகோலுக்கு,

வலது பள்ளமும் முடிந்தது. நாலே நாள்! கை பழகிவிட்டது என்று நினைக்கிறேன். கிழட்டு மாடு சில சமயம் குதித்து ஓடுமே, அப்படி. உத்திரம் தூண்மேல் ஏறிவிட்டது. பதினாறு பேர் கயிறு இழுத்தார்கள். நான் கீழே நின்று 'ஏலேலோ' என்று கத்தியதில் தொண்டை போனதுதான் மிச்சம்.

வெட்டுக் கணக்கு எழுதிய நோட்டு தூறலில் நனைந்து கூழாகிவிட்டது. வலது பக்கத்துக்கு ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுக்கொள்ளேன். எல்லாம் ஒன்றுதானே.

இப்போது கூரைப் பலகை பிளக்கிறோம். கல் ஆப்பை வைத்து அடித்தால் முதலில் ஒரு கோடு விடும். அதில் மர ஆப்பைச் செருகிக்கொண்டே போனால் மரம் தானாகப் பிளந்துகொடுக்கும். கல்லில் செய்த துரப்பணத்தால் துளை போட்டு, மரமுளை அடித்துப் பலகைகளை நிறுத்துகிறோம். காற்று தூக்காமல் இருக்க அதற்கு மேல் பலகைக்கல் தொண்ணூறு ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள்.

நேற்று மதியம் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன். தலைக்கு மேலே 'டிக்' என்று ஒரு சத்தம். பச்சை மரம் காயும்போது பேசும், உனக்குத் தெரியாததா. என் முழங்கால்கூடத்தான் பேசுகிறது. ஆனாலும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே காற்று நன்றாக இருந்தது.

வேறு விசேஷம் இல்லை. எல்லாம் நலம்.

உன் அப்பா


ஏப்ரல் 8

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். நாலு நாள் என்றதும் கை தட்டினார்கள். தலைவர் மட்டும், "பத்தொன்பது எப்படி நாலாச்சு? உங்க அப்பாவை இங்க கூட்டிட்டு வாம்மா, நாங்க கத்துக்கிறோம்" என்றார்.

அவருக்கு ஒரு சின்ன ஆசை. வலது பள்ளத்திலிருந்து விழுந்த செதில் கொஞ்சம் உறையில் போட்டு அனுப்புங்கள். கல் வெட்டிய செதில் நசுங்கி, நார் நாராகப் பிய்ந்திருக்கும். இரும்பு வெட்டியது வழுவழுப்பாகச் சுருண்டிருக்கும். சந்தேகத்துக்காகக் கேட்கவில்லை அப்பா, ஆவணத்துக்கு வேண்டும்.

இன்னொன்று. காற்றும் மழையும் அடிப்பது வலது பக்கம்தானே? என் படுக்கையை உத்திரத்தின் வலது முனைக்கு நேர் கீழே போடச் சொல்லுங்கள். முதல் சொட்டு அங்கேதான் விழும், அளக்க வசதி.

அந்த நோட்டு நனைந்தது பற்றி இரண்டு நாள் வருத்தப்பட்டேன். நீங்கள் எதையும் நனைய விடுகிற ஆள் இல்லையே.

உங்கள்
அளவுகோல்


ஏப்ரல் 19

என் அளவுகோலுக்கு,

செதில் அனுப்பியிருக்கிறேன். உறையை ஜாக்கிரதையாகப் பிரி, தூளாகக் கொட்டும்.

படுக்கையை இடது பக்கம் போட்டால் என்ன? வெளிச்சம் நன்றாக வருகிறது. வலது பக்கம் எறும்புத் தொல்லை. ஒழுகலை இடது பக்கத்திலிருந்தும் எட்டிப் பார்க்கலாமே. நீ கழுத்து நீளமான பெண்தானே.

கயிற்றுக்காரி வலது மூட்டைக் கட்ட ஏறினாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அவள் வாய் மூடியிருந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். மேலே இருந்தே கேட்டாள்:

"அண்ணே, அந்தப் பக்கம் உருண்டையா இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் ஏன் சதுரமா இருக்கு?"

"அது இளையது, கொஞ்சம் லட்சணமாப் பொறந்துடுச்சு."

"லட்சணந்தான். மூலையில ஒரு கீறல் விட்டிருக்கே, பாத்தீங்களா?"

சின்னக் கீறல்தான். என் குதிகாலில் இருப்பதைவிடச் சின்னது. இருந்தாலும் அதன் குறுக்கே ஒரு விரல் அளவுக்குக் களிமண் பூசிவைத்தேன். மரம் நகர்ந்தால் காய்ந்த களிமண் காட்டிக்கொடுத்துவிடும், கூரைக்காரர்கள் செய்கிற வேலை இது. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். களிமண் அப்படியேதான் இருந்தது.

கிட்டத்தட்ட.

உன் அப்பா


ஏப்ரல் 27

அம்மா, என் அளவுகோலே,

உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

நாலாவது கடிதம் வேண்டாம் என்று எழுதினாய். மார்ச் 29 அன்று நான் எழுதினேனே, அதுதான் நாலாவது. போன வாரம் எழுதியது ஐந்தாவது.

வலது பள்ளத்தைக் கல்லால் வெட்டவில்லை. என் அரை அங்குல உளியால் வெட்டினேன். உனக்கு அந்த உளியைத் தெரியும். பல் முளைக்கிற வயதில் அதன் பிடியைக் கடித்துக்கொண்டே தவழ்வாய், பல் தடம் இன்னும் இருக்கிறது. சுவருக்கு வந்த நாணல் கட்டுக்கு நடுவே செருகி உள்ளே கொண்டுபோனேன். கட்டு கனமாக இருக்கிறதே என்று பெட்டிக்காரரே கை கொடுத்து என் தோளில் ஏற்றிவிட்டார். பல்லை எண்ணிய மனுஷன், பாவம்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். மூன்றாவது கோடாரியும் உடைந்திருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. மழைக்குள் கூரை மூடுமா, மூடுமா என்று மேலாளர் நாளுக்கு நாலு தடவை வந்து நின்றார். அன்றைக்குப் பார்த்து உன் கடிதமும் வந்தது. இதெல்லாம் சாக்குதான். உண்மையைச் சொன்னால், என் ஆயுளில் ஒரு கூட்டம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர்களைக் காக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நாலு நாள் என்று எழுதியதும் பொய். ஒரே மதியத்தில் முடித்துவிட்டேன். மீதி மூன்று நாளும் கழிவுக் கட்டை ஒன்றைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தேன், வெளியே சத்தம் கேட்க வேண்டுமே என்று. நோட்டு நனையவில்லை, நானே தண்ணீரில் போட்டேன். உனக்கு அனுப்பிய செதில் இடது பள்ளத்துடையது.

இதெல்லாம் மானக்கேடு. பயம் வேறு.

இத்தனை வருஷம் நான் சதுரமாக வெட்டியிருக்கிறேன். கூர்மையான மூலைதான் நல்ல தச்சனுக்கு அழகு என்று நினைத்தவன். அந்த வீடுகளில் மூட்டைப் பிடிக்க இரும்புப் பட்டையும் ஆணியும் இருந்தன. இங்கே வெறும் கயிறுதான். கல்லுக்கு மூலை வெட்டத் தெரியாது, உருட்டித்தான் தோண்டும். உருண்டையில் பாரம் வழுக்கிப் பரவிவிடுகிறது. என் மூலையில் அது கூர்மையாக வந்து நிற்கிறது, நின்ற இடத்திலிருந்து மரத்தைக் கிழிக்கிறது. போதாததற்கு உளி சுகமாக இறங்கிய குஷியில் பாதி மரம் வரை ஆழமாக எடுத்துவிட்டேன்.

தினமும் களிமண் பூசுகிறேன். தினமும் காலையில் பிளந்திருக்கிறது. முதலில் மயிரிழை. பிறகு நகம் நுழைந்தது. இன்று என் சுண்டுவிரல் நுனி. கூரைமேல் அறுபது கல் ஏறிவிட்டது. ஒவ்வொரு கல் ஏறும்போதும் நான் கீழே நின்று மூச்சை அடக்கிக் கேட்கிறேன். ஆட்கள் கிழவனுக்கு என்ன பக்தி என்று சிரிக்கிறார்கள்.

கயிற்றுக்காரி நேற்று என்னைத் தனியாக நிறுத்தினாள்.

"அண்ணே, கல்லு கடிச்ச மரம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது கல்லு இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா நாளையிலருந்து அந்த மூலைக்குக் கீழ நான் நிக்கமாட்டேன்."

"நீ நிக்க வேணாம்மா."

"நான் நிக்கலைன்னா போச்சா? உங்க பொண்ணுக்கு அங்கதானே பாய் போடச் சொல்லியிருக்கு?"



மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் அடிபடுவது உன் பெயர். உனக்குத் தெரியாமல் அது நடக்கக் கூடாது. 'பிரி' என்று ஒரு சொல் எழுதி அனுப்பு, போதும். அன்றே கூரையைப் பிரித்துவிடுகிறேன். வேறு எதுவும் எழுத வேண்டாம். 'அப்பா' என்றுகூட எழுத வேண்டாம்.

அப்பா


ஏப்ரல் 29

அன்புள்ள அப்பா,

அவசரமாக எழுதுகிறேன், படகு கிளம்பப்போகிறது. செதில் இன்னும் வந்து சேரவில்லை. பரவாயில்லை, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்!

இங்கே அளவெடுக்கும் வேலை முன்னதாகவே முடிந்துவிட்டது. மே 2 சரக்குப் படகில் கிளம்புகிறேன். பத்தாம் தேதி பிற்பகல் அங்கே இருப்பேன். வீட்டுக்குக்கூடப் போகப்போவதில்லை, நேராக நம் கூரைக்குக் கீழேதான். என்னை எந்த நேரமும் உள்ளே விடும்படி மேலாளருக்கும் பெட்டிக்காரருக்கும் தனியே எழுதிவிட்டேன். மூட்டையை இறக்கி, அந்த வலது மூலையில் படுத்து, அப்பா செய்த உத்திரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒரு குட்டித் தூக்கம் போட வேண்டும். எட்டு நாள் பயணத்துக்கு அதுதான் எனக்குப் பரிசு.

இந்தக் கடிதம் முந்துகிறதா, நான் முந்துகிறேனா, பார்ப்போம்.

உங்கள்
அளவுகோல்


மே 10, காலை

வாசலிலேயே நில். உள்ளே போகாதே.

பெட்டிக்காரர் இதை உன் கையில் கொடுப்பார். படித்து முடிக்கும் வரை ஒரு அடி எடுத்து வைக்காதே. உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நான் எல்லாவற்றையும் எழுதி ஏப்ரல் 27 அன்று அனுப்பிய கடிதம் தீவில் நீ இல்லாத வீட்டில் கிடக்கும். ஆகவே இரண்டு வரியில் மறுபடி சொல்கிறேன். வலது பள்ளத்தை இரும்பு உளியால் வெட்டினேன். அது பிளந்துகொண்டிருக்கிறது. உன்னிடம் பொய் எழுதினேன்.

நானே வாசலில் நின்று சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் 'ஒன்றுமில்லை கண்ணு, சாப்பிட்டாயா' என்றுதான் என் வாய் சொல்லும். அந்த வாயை எனக்கு ஐம்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். எழுதிக் கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது.

இன்று காலை களிமண்ணைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, கீழே விழுந்து கிடந்தது. கீறல் முதல் முளை வரை ஓடிவிட்டது. இரண்டு விரல் போகிறது. வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. கல்லும் பலகையும் நனைந்தால் பாரம் இன்னும் கூடும். மழைக்கு முன்னால் இறக்கியாக வேண்டும்.

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலாம் தேதி வரைக்கும் தாங்காதா?"

என்னை முந்திக்கொண்டு கயிற்றுக்காரி சொன்னாள்: "தாங்கும்னா வாங்க சார், நீங்களே முதல்ல ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க."

இறக்கச் சொல்லிவிட்டார். ஏணியைத் தூணுக்கு வெளியே சாய்த்திருக்கிறோம். கல்லை வெளிப்பக்கமாகவே உருட்டி இறக்குவோம். உள்ளே ஒருவரும் இல்லை, நாயைக்கூடக் கட்டிப்போட்டாயிற்று. மேலே ஏறுவது நான். வேறு யாரையும் ஏறச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

உளியைப் பெட்டிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

"இதை எப்ப உள்ள கொண்டுபோனீங்க?"

"நீங்கதான் தோள்ல ஏத்திவிட்டீங்க."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நோட்டை எடுத்து எழுதினார்: 'ஒரு உளி, வெளியே வந்தது.'

அது பெட்டியில் இருக்கிறது. உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அப்பா


ஆகஸ்ட் 9

என் அளவுகோலுக்கு,

இந்தப் பெயரால் அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. வேறு பெயர் பேனாவில் வரவில்லை.

நீ போய்ப் பதிமூன்று வாரம் ஆகிறது. அன்று நடந்ததை நானும் நீயும் பேசிக்கொள்ளவே இல்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன். நாற்பத்தொன்றாவது கல்லை உருட்டினேன். உத்திரம் ஒரு தடவை இருமியது. அப்புறம் வலது முனை கிழிந்து, கைமரம், பலகை, மீதிக் கல் எல்லாமாக உள்ளே இறங்கிற்று. உன் பாய் விரித்திருந்த இடத்தில். நான் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். வாசல் பக்கமிருந்து "அப்பா!" என்று ஒரு அலறல் கேட்டது.

புழுதி அடங்கியதும் என்னைப் பார்த்தாய். உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டாய். சாவியையும் கடிகாரத்தையும் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாய். ஒடிந்த முனையைத் திருப்பி அளந்தாய், எழுதிக்கொண்டாய். மறுநாள் காலை பேருந்தில் போய்விட்டாய். அந்த ஒரு அலறலை வைத்துக்கொண்டுதான் பதிமூன்று வாரத்தை ஓட்டிவிட்டேன்.

அறிக்கையின் முதல் வரியை அடித்துவிட்டு, 'இரும்பு பட்டது, வெட்டியவர் என் தந்தை' என்று நீயே எழுதியதை மேலாளர் எனக்குப் படித்துக் காட்டினார். முகம் சுளித்த மூன்று பேரும் இப்போது என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன எழுதினாலும் ஈடாகாது, எழுதவில்லை.

வேறு ஆளைப் போடுவதாக இருந்தார்கள். கயிற்றுக்காரிதான் தடுத்தாள். "இனிமே இவரு வெட்டினாத்தான் நான் கீழ நிப்பேன் சார். இந்த ஆளு அளவுக்குப் பயந்தவன் இந்த ஊர்லயே கிடையாது." எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அவ்வளவுதான்.

புது மரம் எடுத்தேன். புதிதாக நாலு கோடாரி தேய்த்தேன். இரண்டு உடைந்தது. காலையில் பெட்டிக்காரர் என்னைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்க்கிறார். நாணல் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தண்டாக எண்ணுகிறார். நானும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். பல்லை மட்டும் இப்போது கேட்பதில்லை. அவர் என்னோடு விளையாடுவதை விட்டுவிட்டார்.

இடது பள்ளம் பத்தொன்பது நாள். வலது பள்ளம் இருபத்தொரு நாள். வெட்டுக் கணக்கு நோட்டை இத்துடன் அனுப்புகிறேன், நனையவில்லை. வலது பள்ளத்தில் பதினோராம் நாளுக்கு எதிரே பூஜ்யம் இருக்கும். அன்று கோடாரியை எடுத்துக்கொண்டு போய் அந்த முனைக்கு முன்னால் உட்கார்ந்தேன். காதில் மறுபடி அந்த இருமல். சாயங்காலம் வரை கை எழவில்லை. அப்படியே எழுந்து வந்துவிட்டேன். ஒரு நூறோ இருநூறோ போட்டு நிரப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. பூஜ்யத்தைப் போட்டேன்.

உறையில் இருக்கும் செதில் வலது பள்ளத்துடையது. கயிற்றுக்காரியை நிறுத்திவைத்து அவள் கையாலேயே அள்ளிப் போட்டேன்.

உத்திரம் ஏறிவிட்டது. தொண்ணூறு கல்லும் ஏறிவிட்டன. கீறல் எதுவும் இல்லை. இருந்தாலும் மூலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் களிமண் பூசிவைத்திருக்கிறேன். ஒன்பது நாளாகப் பிளக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் அந்தக் கதவை மெல்லத்தான் தள்ளுகிறேன். களிமண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்க்கிறேன்.

செப்டம்பரில் திறக்கிறார்களாம். நீ வருவாயா என்று மேலாளர் கேட்டார், தெரியாது என்றேன். 'தைரியமாக வந்து படு' என்று எழுத எனக்கு வரவில்லை. அந்த மாதிரி வாக்கியங்களை நான் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். நீயே வந்து, அளந்து பார்த்து, முடிவு பண்ணு. வராவிட்டாலும் சரி. தினமும் மதியம் அந்த வலது மூலைக்குக் கீழே நான் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். சாப்பாடு இறங்குவதில்லை, அது வேறு விஷயம்.

அப்பா


ஆகஸ்ட் 21

அப்பா,

செதிலைப் பிரித்துப் பார்த்தேன். நசுங்கியிருக்கிறது.

நோட்டை முதலிலிருந்து கடைசி வரை கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் இரண்டு இடத்தில் தப்பு, திருத்திவிட்டேன். பதினோராம் நாளைத் தாண்டிப் போக முடியாமல் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றேன். அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் மற்ற நாள்களை நம்பியிருக்க மாட்டேன்.

பெட்டியில் இருந்த மூன்று கடிதங்களோடு இப்போது ஐந்தாகிவிட்டது. ஏப்ரல் 27 கடிதமும் தீவிலிருந்து சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. அதை அவற்றோடு வைக்கவில்லை. தனியாக வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் முதல் வாரம் வருகிறேன். பாயை வலது பக்கமே போடச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் களிமண்ணை யாரும் தொட வேண்டாம், புதிதாகப் பூசவும் வேண்டாம். நான் பார்க்க வேண்டும்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கெட்டதை உடனே எழுதிவிட வேண்டும் என்று சொன்னவள் நான், அதனால் எழுதுகிறேன்.

அளவுகோல்